மெத்தை வாங்கும் முன் முதுகைக் கேளுங்கள்



"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்ற பழமொழியை நாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். களைத்தவனுக்குத் திண்ணையும் மெத்தைதான். ஆனால் அந்தப் பழமொழி தூங்கும் வரை நடப்பதை மட்டுமே சொல்கிறது. விடிந்து எழுந்து, குனிந்து காலணி மாட்டும்போது இடுப்பில் சுரீர் என்கிறதே, அதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நித்திரை சுகம் அறியாமல் இருக்கலாம். முதுகு அறியும்.

நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே காரோட்டி, இரவில் குனிந்து உட்கார்ந்து தாள் திருத்தும் நமக்கு முதுகு வலி புதிதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. வலி வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "புது மெத்தை ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்" என்பதுதான். பேரங்காடியில் கழிவு விலை விழா, மாதத் தவணை, "டாக்டர்கள் பரிந்துரைப்பது" என்ற அட்டை. சில நூறு வெள்ளியில் தொடங்கும் விலை பத்தாயிரத்தையும் தாண்டிப் போகிறது. எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களில் சிலருக்குப் பிரச்சினை வேறு. அண்ணன் படுத்து, அக்காள் படுத்து, நடுவில் குழி விழுந்த பழைய மெத்தை அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். கெட்டியான மெத்தை, விலை கூடிய மெத்தை என்று எதுவும் எல்லா முதுகுக்கும் நல்லதாகிவிடாது. உங்கள் எடைக்கும் நீங்கள் படுக்கும் விதத்துக்கும் பொருந்துவதே உங்களுக்கு நல்ல மெத்தை. அதைக் கண்டுபிடிக்க அட்டையில் உள்ள வார்த்தைகளைவிட உங்கள் கையும் முதுகும் அதிகம் உதவும்.

இரவில் முதுகுக்கு என்ன நடக்கிறது?

முதுகெலும்பு ஒரு நேர்க்கோடு அல்ல. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் முன்னோக்கியும், நெஞ்சுப் பகுதியில் பின்னோக்கியும், இடுப்பில் மறுபடி முன்னோக்கியும் வளைந்திருக்கும். எலும்புகளுக்கு இடையே மெத்து மெத்தென்ற 23 வட்டுகள் உள்ளன. பகலில் நிற்கும்போதும் உட்காரும்போதும் நம் எடை அழுத்துவதால் இந்த வட்டுகளிலிருந்து நீர் மெல்ல வெளியேறுகிறது. இரவில் படுத்ததும் அழுத்தம் குறைய, அவை மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் காலையில் நாம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம். நம்ப முடியாவிட்டால் சுவரில் பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

மெத்தையின் வேலை இந்த இரவு ஓய்வைக் கெடுக்காமல் இருப்பதுதான். மெத்தை அதிக மென்மையாக இருந்தால் கனமான இடுப்பு கீழே இறங்கி, முதுகெலும்பு தொட்டில் போல வளையும். அதிகக் கெட்டியாக இருந்தால் தோளும் இடுப்பும் மட்டும் அழுந்தி, இடுப்புக்கு மேலே உள்ள வளைவு தாங்குவாரின்றி அந்தரத்தில் நிற்கும். இரண்டிலும் தசைகள் இரவு முழுக்க வேலை செய்கின்றன. காலையில் வலிப்பது அந்தக் கூலியில்லா வேலையின் வலி.

"கெட்டியா இருந்தாதான் முதுகுக்கு நல்லது" – உண்மையா?

இதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். "பலகையில படு, சரியாப் போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவர்கள் பலரும் நெடுங்காலம் கெட்டி மெத்தையையே பரிந்துரைத்தார்கள். ஆனால் யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

ஸ்பெயின் நாட்டில் சோதித்தார்கள். நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றொன்றுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். தங்களுக்குக் கிடைத்தது எந்த வகை என்பது படுத்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது இரு குழுவினருக்கும் வலி குறைந்திருந்தது. ஆனால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கு, படுத்திருக்கும்போதும் எழும்போதும் வரும் வலியும் அன்றாட வேலைகளில் வரும் சிரமமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. இந்த ஆய்வு 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

டென்மார்க்கில் 160 நோயாளிகளைக் கொண்டு செய்த இன்னோர் ஆய்வு 2008-இல் வந்தது. நீர்ப்படுக்கை, நுரை மெத்தை, கெட்டியான பஞ்சுப் படுக்கை மூன்றையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் கெட்டிப் படுக்கைதான் பின்தங்கியது. ஆனால் வேறுபாடு சிறியதுதான். இதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். சரியான மெத்தை உதவும், மாயம் செய்யாது.

கெட்டி என்பது யாருக்குக் கெட்டி?

'அப்படியானால் நடுத்தரக் கெட்டி என்று எழுதியிருப்பதை வாங்கிவிடலாமே?' என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பெயின் ஆய்வில் ஐரோப்பியத் தர அளவுகோலின்படி மெத்தைகளை அளந்தார்கள். அதில் 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மென்மை. நம் ஊர்க் கடைகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த சொல்லைப் போடுகிறது. ஒருவருடைய 'நடுத்தரம்' மற்றவருக்குக் 'கெட்டி'.

அதைவிட முக்கியம், படுப்பவரின் எடை. 50 கிலோ எடையுள்ள மாணவிக்குக் கல் மாதிரி இருக்கும் மெத்தை, 95 கிலோ எடையுள்ள அவருடைய அப்பாவுக்கு மெத்தென்று அமுங்கும். கெட்டி, மென்மை என்பவை மெத்தையின் குணம் மட்டுமல்ல. மெத்தைக்கும் உடம்புக்கும் இடையிலான உறவு. அதனால்தான் நண்பர் புலனத்தில் அனுப்பிய "இதை வாங்குங்க, என் முதுகு வலி போயிடுச்சி" என்ற பரிந்துரை உங்களுக்குப் பலிக்காமல் போகலாம்.

படுக்கும் விதமும் உண்டு.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் சற்று உள்ளே இறங்க வேண்டும். ஆகவே கொஞ்சம் மென்மையான மேற்பரப்பு தேவை. தலையணையின் உயரம் காதுக்கும் தோளுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப வேண்டும். முழங்கால்களுக்கு இடையே இன்னொரு தலையணை வைத்தால் இடுப்பு திருகாது.

மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரம் பொதுவாக ஒத்துவரும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இடுப்பின் இழுவிசை குறையும்.

குப்புறப் படுப்பவர்களுக்கு மென்மையான மெத்தை ஆகாது. வயிறு இறங்கி இடுப்பு பின்பக்கம் வளைந்துவிடும். கழுத்தும் இரவு முழுக்க ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். மெத்தையை மாற்றுவதைவிடப் பழக்கத்தை மெல்ல மாற்றுவதே நல்லது.

மெத்தைக்குள் என்ன இருக்கிறது?

*இலவம்பஞ்சு.* மலாய்க்காரர்கள் 'கெக்காபு' என்பார்கள். 'இலவு காத்த கிளி போல' என்ற உவமைத்தொடரில் வருகிற அதே இலவு. குளிர்ச்சியானது, காற்றோட்டமானது. ஆனால் மீள்விசை இல்லை. அழுந்திய இடம் அழுந்தியே போகும். அடிக்கடி வெயிலில் காயவைத்துத் தட்ட வேண்டும்.

*தேங்காய் நார்.* நாரை ரப்பர்ப் பாலால் ஒட்டிச் செய்வது. கெட்டியானது, விலை குறைவு, சூடு தங்காது. எடை குறைந்தவர்களுக்கும் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் கெட்டி அதிகமாக இருக்கலாம்.

*சுருள்வில்.* இதில் இரு வகை. எல்லாச் சுருள்களும் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தால் ஒருவர் புரண்டாலும் மற்றவர் ஆடுவார். ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருந்தால் அந்தந்த இடம் மட்டும் இறங்கும். கணவன் மனைவி எடையில் அதிக வேறுபாடு இருந்தால் இரண்டாவது வகை பொருந்தும்.

*நினைவு நுரை.* 1966-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வு மையத்தில் விமான இருக்கைகளுக்காக உருவாக்கப்பட்டது. உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமையும். நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்சாதனம் இல்லாத அறையில் வியர்க்கும். குளிர்சாதனத்தின் குளிரில் இதுவே சற்று இறுகும். கடையில் குளிரில் படுத்துப் பார்த்த மெத்தை வீட்டில் வேறு மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*ரப்பர்ப்பால் நுரை.* 'லேடெக்ஸ்' என்று விற்கப்படுவது நம் தாத்தா பாட்டிகள் சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டிய அதே பால்தான். பாலில் அம்மோனியா கலந்து உறையாமல் காத்து, சுழற்றி, ரப்பர் அளவு ஏறத்தாழ 60 விழுக்காடு வரும்வரை செறிவாக்குவார்கள். பிறகு முட்டையை அடிப்பது போலக் காற்று புக அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றிச் சூடேற்றுவார்கள். 1929-இல் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்த முறை இது. மீள்விசை அதிகம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் எடை அதிகம், விலையும் அதிகம். ரப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைப் போல இதை வெயிலில் போடாதீர்கள்; நேரடி வெயில் ரப்பரைக் கெடுத்து உதிரச் செய்யும். நிழலில், காற்றில் வைத்தால் போதும்.

கடையில் செய்யும் சோதனை

பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, எந்தக் கடைக்குப் போனாலும் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கை படுப்பதில்லை, முதுகுதான் படுக்கிறது. கூச்சப்படாமல் இப்படிச் செய்யுங்கள்:

1. தளர்வான உடையில் போங்கள். அதிகக் களைப்போடு போகாதீர்கள். களைத்த உடம்புக்கு எல்லா மெத்தையும் சொர்க்கமாகத் தெரியும்.
2. நீங்கள் வீட்டில் தூங்கும் அதே நிலையில் 10 முதல் 15 நிமிடம் படுங்கள். ஒரு நிமிடம் போதாது.
3. மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்குக் கீழே கையை நுழையுங்கள். கை தடையின்றிப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே முடியாவிட்டால் மென்மை. சற்று உரசிக்கொண்டு நுழைந்தால் பொருத்தம்.
4. ஒருக்களித்துப் படுத்து, உடன் வந்தவரைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும்.
5. இருவர் படுக்கும் மெத்தையென்றால் இருவரும் சேர்ந்து படுங்கள். ஒருவர் புரளும்போது மற்றவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள்.
6. வீட்டுத் தலையணையைக் கொண்டுபோனாலும் தப்பில்லை. தலையணை மாறினால் சோதனையே மாறிவிடும்.

பணம் கொடுக்கும் முன்

மொழி ஆசிரியர்களான நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சொல்லைப் பிரித்துப் படிக்கத் தெரியும். 'ஆர்த்தோபீடிக்' என்பது ஒரு விற்பனைச் சொல். அது அட்டையில் இருப்பதால் மட்டும் அந்த மெத்தை உங்கள் முதுகுக்குப் பொருந்தும் என்று பொருளாகாது. 'இயற்கை லேடெக்ஸ்' என்றால் எத்தனை விழுக்காடு இயற்கை, எத்தனை செயற்கை என்று கேளுங்கள். மேலே இரண்டு சென்டிமீட்டர் மட்டும் ரப்பர், அடியில் சாதாரண நுரை என்றும் இருக்கலாம். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

'10 ஆண்டு உத்தரவாதம்' என்றால் எதற்கு? பெரும்பாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் குழி விழுந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். "எனக்கு ஒத்துவரலை" என்பது அதில் அடங்காது. வீட்டில் சில வாரம் படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு உண்டா, அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கட்டிலின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே அதிக இடைவெளி இருந்தால் நல்ல நுரை மெத்தையும் குழி விழும்.

அளவையும் கவனியுங்கள். நம் நாட்டில் ஒற்றை மெத்தை 91 சென்டிமீட்டர், பெரிய ஒற்றை 107, குவீன் 152, கிங் 183 சென்டிமீட்டர் அகலம். நீளம் பொதுவாக எல்லாவற்றுக்கும் 190 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உயரமான பையனுக்கு இது போதுமா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் 200 சென்டிமீட்டர் நீளத்தில் விற்கின்றன. பழைய கட்டிலுக்கும் விரிப்புக்கும் அது பொருந்தாது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளைக் கடை ஏற்க மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலே, 5 வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

இப்போதைக்கு வாங்க முடியாதவர்களுக்கு

மாணவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. புது மெத்தை கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம். முதலில் குழி மெத்தையிலா கட்டிலிலா என்று பாருங்கள். மெத்தையைத் தரையில் இறக்கிப் படுத்துப் பாருங்கள். தரையில் சரியாக இருந்தால் கோளாறு கட்டிலில். ஒரு பலகையைச் சட்டங்களின் மேல் போட்டால் தீரும். மெத்தையிலேயே குழி என்றால் தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்புங்கள். அதிகக் கெட்டியாக இருந்தால் மேலே ஒரு தடித்த போர்வையை மடித்து விரிக்கலாம். இடுப்பு வளைவு அந்தரத்தில் நின்றால் ஒரு துவாலையைச் சுருட்டி அடியில் வையுங்கள்.

மெத்தையை நிரந்தரமாகத் தரையிலேயே போட்டு வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தூசிப் பூச்சிகளும் ஈரத்தில்தான் பெருகும். வாரம் ஒரு முறை சுவரில் சாய்த்துக் காற்றாட விடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் 60 பாகை சூட்டு நீரில் துவைத்தால் அந்தப் பூச்சிகள் சாகும். இருமல், தும்மலோடு எழும் மாணவர்களுக்கு இது மிக முக்கியம்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: மெத்தை மேசை அல்ல. குப்புறப் படுத்துப் படிப்பதும் கைப்பேசி பார்ப்பதும் கழுத்துக்கும் இடுப்புக்கும் செய்யும் கெடுதலை எந்த மெத்தையாலும் சரிக்கட்ட முடியாது.

மெத்தை குற்றவாளி இல்லாதபோது

பழைய இலக்கியத்தில் இரண்டு படுக்கைகள் நினைவுக்கு வருகின்றன. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது. படுக்கையில் அன்னத்தின் தூவி. அவளுக்குத் தூக்கம் வரவில்லை; கணவன் போர்க்களத்தில் இருக்கிறான். புறநானூற்றில் மோசிகீரனார் களைப்பில் முரசு கட்டிலில் ஏறி அயர்ந்து தூங்கிவிடுகிறார். சேர மன்னன் கவரி வீசுகிறான். மனக்கவலை இருந்தால் அன்னத்தூவியும் உதவாது. தேர்வுக்கு முந்தைய வாரம் தூக்கம் வராத மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மெத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வலி மெத்தையால்தானா என்று அறிய ஓர் எளிய வழி: உறவினர் வீட்டிலோ விடுதியிலோ சில இரவு தூங்கும்போது வலி குறைகிறதா? குறைந்தால் மெத்தையைச் சந்தேகிக்கலாம். பகலில் உட்காரும்போதும் தூக்கும்போதும்தான் வலி கூடுகிறது என்றால் நாற்காலியையும் புத்தகப்பையையும் முதலில் பாருங்கள்.

வலி வந்ததும் நாள் கணக்கில் படுத்துக் கிடப்பதும் மருந்தல்ல. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் செய்து 1995-இல் வெளியான ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட முடிந்த அளவு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினார்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடி நிலையங்களுக்குப் போய்வந்தால் இறுகிய தசைக்கு இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் உடற்பிடியும் வேண்டாம், மெத்தைக் கடையும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்: காலில் பலம் குறைதல் அல்லது மரத்துப்போதல், தொடைகளுக்கு இடையே உணர்ச்சி குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி. இவற்றில் சிறுநீர் மலக் கட்டுப்பாடு இழப்பும் தொடைப் பகுதி மரப்பும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குரியவை.

இளம் வயதினருக்கு இன்னொன்று. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் குறைந்து, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். "மெத்தை சரியில்ல" என்று தள்ளிப் போடாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்களே, ஒரு மெத்தை விளம்பரத்தை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அதிலுள்ள தொடர்களை மாணவர்கள் மூன்றாகப் பிரிக்கட்டும்: அளந்து சரிபார்க்கக்கூடியவை, கடையில் கேட்டுத் தெளிய வேண்டியவை, வெறும் புகழ்ச்சி. பிறகு, 'நல்ல தூக்கத்தின் அவசியம்' என்ற தலைப்பில் 200 சொற்களில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்தின் சொற்களில் எத்தனை அந்தக் கட்டுரைக்குச் சான்றாக நிற்கின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.